குடலின் கடைசி முழம்

மே மாதம் பிறந்தால் வன்னியின் சந்திகளிலும் கோயில் முன்றல்களிலும் கஞ்சி காய்ச்சுவார்கள். அரிசி, தண்ணீர், உப்பு, கிடைத்தால் தேங்காய்ப்பால். 2009 இல், போரின் கடைசி மாதங்களில், மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் சனம் வரிசையில் நின்று வாங்கிக் குடித்த கஞ்சியின் நினைவு அது. அதன் அரசியலைப் பற்றி எழுதியவர்கள் பலர். 2024 மே மாதம் சம்பூரில் கஞ்சி கொடுத்தவர்களைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது தலைப்புச் செய்தியானது. அந்தக் கஞ்சி தொண்டைக்குக் கீழே இறங்கிய பிறகு என்ன ஆனது என்று எழுதியவர் குறைவு.

பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாத கேள்வி இது. அன்று வயிற்றில் காயப்பட்டு, குடலில் ஒரு துண்டு வெட்டி எடுக்கப்பட்டு, உயிர் தப்பி வந்தவர்கள் இன்றைக்கும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் கிளினிக் வாங்குகளில் கொப்பியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். சீனி வருத்தம், பிரஷர் என்று வேறு எதற்கோ மருந்து எடுக்க வந்தவர்கள். அவர்களில் சிலருக்கு உண்மையான வருத்தம் வேறு இடத்தில் இருக்கக்கூடும். அந்த இடத்துக்குப் போய்ச்சேர, ஒரு விற்றமின் வாயிலிருந்து இரத்தம்வரை போகும் பாதையைப் பார்த்தாக வேண்டும்.

கஞ்சியின் கணக்கு

வன்னிச் சனத்துக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு: புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுப் பக்கம் இருக்கும் விற்றமின் பி1, அதாவது தயமின், தண்ணீரோடு சேர்ந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு மில்லில் தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. பச்சையரிசிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஜாவாத் தீவில் 1890களில் கிறிஸ்தியான் எய்க்மான் என்ற ஒல்லாந்து மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் மடங்கி விழுவதையும் தவிட்டோடு கூடிய அரிசி கொடுத்தால் எழும்பி நடப்பதையும் கண்டார். பெரிபெரி நோயின் மூலம் அங்கேதான் பிடிபட்டது. 1929 இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

தயமின் நீரில் கரையும். சோறு வடித்தால் கஞ்சித் தண்ணீரோடு ஒரு பங்கு வெளியே போகும். கஞ்சியாகவே குடித்தால் போகாது. ஆகவே புழுங்கல் அரிசிக் கஞ்சி குடித்தவருக்குக் கொஞ்சம் பி1 கிடைத்தது. கணக்கில் வரவு என்று எழுதக்கூடியது அநேகமாக அது ஒன்றுதான். அரிசியில் விற்றமின் சி இல்லை. ஏ இல்லை. பி12 ஒரு துளியும் இல்லை.

உடம்பு இதையெல்லாம் எத்தனை நாள் தாங்கும்? ஒவ்வொரு விற்றமினுக்கும் ஒவ்வொரு கெடு. பி1 சேமிப்பு இரண்டு மூன்று கிழமைக்குத்தான் காணும். விற்றமின் சி ஒன்றிலிருந்து மூன்று மாதம். போலேற்று, அதாவது பி9, ஏறக்குறைய நான்கு மாதம். விற்றமின் ஏ நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த பெரியவரின் ஈரலில் மாதக்கணக்கில் இருக்கும். சின்னப் பிள்ளையின் ஈரலில் அவ்வளவு கையிருப்பு கிடையாது, மாலைக்கண் முதலில் பிள்ளைகளைப் பிடிப்பது அதனால்தான். பி12 மட்டும் வருடக்கணக்கில் நிற்கும். வன்னியின் இறுதி முற்றுகை 2009 தை மாதத்திலிருந்து மே 18 வரை நீண்டது. பி1, சி, போலேற்று மூன்றின் கெடுவும் அந்த மாதங்களுக்குள் அடங்கிவிடுகிறது. பி12 இன் கடன் மாத்திரம் பின்னால் வசூலிக்கப்படும் வகை.

இன்னொரு பக்கமும் உண்டு. பட்டினியில் குடலே மெலிகிறது. சிறுகுடலின் உட்சுவர் முழுக்க விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் சடைமுளைகளை ஓ/எல் விஞ்ஞானப் புத்தகத்தில் எல்லோரும் படம் கீறியிருப்போம். அந்தச் சுவரின் கலங்கள் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் உதிர்ந்து புதிதாக முளைப்பவை. தமக்கு வேண்டிய போசணையில் பெரும்பங்கைத் தம்மைக் கடந்துபோகும் உணவிலிருந்தே எடுத்துக்கொள்பவை. உணவு வராவிட்டால் சடைமுளைகள் குட்டையாகும். வயிற்றோட்டம் வந்தால் இன்னும் மோசம். பிறகு நல்ல சாப்பாடு கிடைத்தாலும் முதல் நாட்களில் அதை முழுதாக வாங்கிக்கொள்ளக் குடலுக்குத் தென்பு இருக்காது. போரிலிருந்து தப்பி செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குள் போன இலட்சக்கணக்கான சனம் அந்த நிலையிலிருந்த குடலோடுதான் போனது.

சடைமுளைகளோடு சேர்த்துக் குடலின் உட்பரப்பு எவ்வளவு? விரித்தால் ரெனிஸ் மைதானம் அளவு வரும் என்று நாங்கள் படித்தோம். 2014 இல் சுவீடன் ஆய்வாளர்கள் இருவர் அதைத் திரும்ப அளந்து, முழுக் குடல்வழிக்கும் ஏறக்குறைய 32 சதுர மீற்றர்தான் என்றார்கள். அரை பட்மின்ரன் மைதானம். புத்தகங்கள் இன்னும் முழுதாக மாறவில்லை.

வேலூரில் கண்டது

சடைமுளை குட்டையாவதற்குப் பட்டினிதான் வேண்டும் என்றில்லை. அசுத்தமான தண்ணீரும் போதும். இதைத் தமிழ் மண்ணிலேயே நுணுக்கமாகப் பார்த்தவர்கள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும். 1960களில் வேலூரைச் சுற்றிய கிராமங்களில் ‘வெப்பவலய ஸ்புரூ’ என்ற நோய் கொள்ளைநோய் போலப் பரவியது. ஓயாத வயிற்றோட்டம், மெலிவு, இரத்தச்சோகை. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. பி12 உம் போலேற்றும் உறிஞ்சப்படாது. நோயாளிகளின் குடலை ஆராயப் போனவர்களுக்கு ஒரு சங்கடம் காத்திருந்தது: நோயே இல்லாத கிராமத்தவர்களின் சடைமுளைகளும் வெள்ளைக்காரப் பாடநூல் படங்களில் இருப்பதைவிடக் குட்டையாகவும் தடிப்பாகவும் இருந்தன. கிருமி கலந்த தண்ணீரையும் உணவையும் வாழ்நாள் முழுக்க உட்கொண்ட குடல் அப்படித்தான் ஆகும் என்பது பிறகு உலகின் பல ஏழை ஊர்களில் உறுதியானது.

அதே வேலூரிலிருந்து 1980 இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. பி12 ஐத் தாவரமும் செய்யாது, விலங்கும் செய்யாது, கிருமிகள்தான் செய்யும். எங்கள் பெருங்குடலில் அந்தக் கிருமிகள் ஏராளம். ஆனால் பி12 உறிஞ்சும் இடம் அதற்கு மேலே இருக்கிறது. கீழே உற்பத்தியானது மேலே ஏறிப்போக வழியில்லை. வேலூர்க் குழுவோ ஆரோக்கியமான தென்னிந்தியர்களின் சிறுகுடலிலேயே பி12 செய்யும் கிருமிகள் இருப்பதைக் காட்டியது. மரக்கறி மட்டும் உண்பவர்களில் சிலர் பி12 குறையாமல் தப்புவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். அதை நம்பி யாரும் முட்டையையும் பாலையும் விட வேண்டாம்.

வன்னியில் முகாம் வாழ்க்கை முடிந்து மீள்குடியேறிய பிறகும் பல குடும்பங்கள் தறப்பாளின் கீழே, கிணறு துப்புரவாக்கி முடியாமல், மலசலகூடம் கட்டி முடியாமல் காலத்தைக் கழித்தன. பிள்ளை சாப்பிடுகிறது, நிறை ஏறவில்லை என்று கிளினிக்கில் தாய்மார் சொல்லும்போது, கோப்பையைப் பார்ப்பதோடு கிணற்றையும் எட்டிப்பார்க்க வேண்டும். பூச்சி மருந்து தவறாமல் கொடுப்பதும் இதில் அடக்கம். வட்டப்புழு நிறைந்த குடல் கொழுப்பையும் விற்றமின் ஏயையும் சரியாக வாங்காது.

வறையும் தேங்காய்ப்பூவும்

ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. கொழுப்பு இல்லாத சாப்பாட்டில் இவை இருந்தும் இல்லாத மாதிரி. முருங்கையிலையிலும் பொன்னாங்காணியிலும் இருப்பது நேரே விற்றமின் ஏ கிடையாது, கரோட்டின். இலை நாருக்குள் இறுகக் கிடக்கும் அதை முதலில் வேகவைத்தும் மென்றும் வெளியே எடுக்க வேண்டும். பிறகு அது சாப்பாட்டிலுள்ள எண்ணெயில் கரைய வேண்டும். ஈரலிலிருந்து வரும் பித்தநீர் அந்த எண்ணெயை நுண் துளிகளாக உடைத்துக் குடற்சுவர்வரை கொண்டுபோகும். சுவரின் கலத்துக்குள் நுழைந்த பின்தான் கரோட்டினின் ஒரு பங்கு விற்றமின் ஏ ஆக மாறுகிறது. மாறியதும் அது இரத்தத்தில் இறங்குவதில்லை. நிணநீர்க் குழாய் வழியாகச் சுற்றி, நெஞ்சுக்குள் ஏறி, கழுத்தடியில் இரத்தத்தோடு கலக்கிறது. உணவிலுள்ள 12 மைக்ரோகிராம் பீற்றா கரோட்டினுக்கு உடம்புக்குக் கிடைக்கும் விற்றமின் ஏ 1 மைக்ரோகிராம் என்பதுதான் இன்று வைத்திருக்கும் கணக்கு. பன்னிரண்டுக்கு ஒன்று.

இந்த இடத்தில் எங்கள் குசினிகளுக்கு ஒரு சபாஷ் போட வேண்டும். வறை செய்கிறவர் என்ன செய்கிறார்? இலையை நூல் நூலாக அரிகிறார். சட்டியில் வெங்காயமும் மிளகாயும் வதக்கி, இலையைப் போட்டுப் பிரட்டி, இறக்கும் தறுவாயில் தேங்காய்ப்பூவைத் தூவுகிறார். பொடியாக அரிந்ததில் நார் உடைகிறது, சூட்டில் கரோட்டின் விடுபடுகிறது, தேங்காய்ப்பூ கொழுப்பைக் கொடுக்கிறது. கொழும்புக்கு அருகே சிறி ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் யு.ஜி. சந்திரிகாவும் சகாக்களும் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், இலங்கைக் கீரைகளைத் தேங்காய்க் கொழுப்போடு சமைத்தபோது உறிஞ்சத்தக்க கரோட்டின் கூடியதைக் காட்டினார்கள்.

ஒரு வேளைச் சாப்பாட்டில் 3 முதல் 5 கிராம் கொழுப்பு இருந்தாலே கரோட்டினுக்குப் போதும். இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூவில் அது ஏறக்குறைய வந்துவிடும். 2024 இறுதியில் தேங்காய் விலை 200 ரூபாயைத் தொட்டபோது, பல வீடுகளில் சம்பலும் வறையும்தான் முதலில் வெட்டுப்பட்டன. தேங்காய் விலையைப் பற்றிப் பேசுகிற எவரும் அதைப் பிள்ளைகளின் கண்ணோடு சேர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. திரிபோஷா சத்துமாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்காமல், தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து உருண்டை பிடித்துக் கொடுக்கிற அம்மம்மாமார் சரியான வேலைதான் செய்கிறார்கள்.

கெட்ட பழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். சோறு தின்ற கையோடு பிளேன்ரீ. தேயிலைச் சாயம் மரக்கறியிலுள்ள இரும்பைப் பிடித்துவைத்து உறிஞ்சவிடாது. ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடித்தால் பாதிப்பு பெருமளவு குறையும். பாக்கு பி1 ஐக் கெடுக்கும். தாய்லாந்தின் வடகிழக்குக் கிராமங்களில் 1970களில் அதை ஆய்ந்து காட்டியிருக்கிறார்கள். இன்னொன்று, பார்மசியில் விற்கும் 1000 மில்லிகிராம் விற்றமின் சி குளிசை. குடற்சுவரிலுள்ள வாயில்கள் ஒரு நேரத்தில் இவ்வளவுதான் விடும்: சாப்பாட்டு அளவில் வந்தால் 70 முதல் 90 சதவீதம் உள்ளே போகும், கிராம் கணக்கில் வந்தால் பாதிக்கும் குறைவு. மிச்சம் மலசலகூடத்துக்கு. காசும்தான்.

போலேற்றுக்கு ஒரு நல்ல கதை இருக்கிறது. 1931 இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், பம்பாய் நூல் ஆலைகளில் வேலைசெய்த கர்ப்பிணிகளின் இரத்தச்சோகை மாமைற் கொடுத்தால் மாறுவதைக் கண்டார். அதிலிருந்தது பி9 என்று பின்னால்தான் தெரிந்தது. 1934-35 இல் இலங்கையை மலேரியா சூறையாடியபோது நிவாரணத்துக்குப் போன இடதுசாரி இளைஞர்களும் மருத்துவர் எஸ்.ஏ. விக்ரமசிங்கவும் மெலிந்த சனத்துக்கு மாமைற் உருண்டை கொடுத்தார்கள். இன்றும் பாணுக்கு அதைப் பூசித் தின்கிற நாடு இது.

எல்லாவற்றிலும் நீண்ட பயணம்

மற்ற விற்றமின்கள் பெரும்பாலும் சிறுகுடலின் மேற்பாதியிலேயே உள்ளே போய்விடும். பி12 அப்படியல்ல. மீன், இறைச்சி, முட்டை, பாலில் அது புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. இரைப்பையின் அமிலம் அதைப் பிரிக்க வேண்டும். பிரிந்ததும் எச்சிலில் வந்த ஒரு புரதம் அதைப் பற்றிக்கொள்ளும். சிறுகுடலின் தலைப்பில் சதையிச் சுரப்பு அந்தப் பிடியை விடுவிக்கும். அப்போது இரைப்பைச் சுவர் சுரந்து அனுப்பிய இன்னொரு புரதம், ‘உள்ளகக் காரணி’ என்பது, அதை ஏற்றுக்கொண்டு கீழே புறப்படும். சிறுகுடல் மொத்தம் 6 மீற்றர் அளவு, முழக்கணக்கில் 13 முழம். அந்த நீளம் முழுக்கக் கடந்து, பெருங்குடலோடு சேருவதற்குச் சற்று முன்னே உள்ள கடைசித் துண்டில் மட்டுமே இந்தச் சோடியை அடையாளம் காணும் வாயில்கள் இருக்கின்றன. ஒரு சாப்பாட்டில் அவை இரண்டு மைக்ரோகிராம் அளவுதான் உள்ளே எடுக்கும். எங்கள் தேவையும் ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம்தான்.

இரைப்பையின் பங்கைக் கண்டுபிடித்தவர் பொஸ்ரன் நகரத்து மருத்துவர் வில்லியம் காசில். 1920களின் இறுதியில் அவர் பச்சை மாட்டிறைச்சியைத் தானே தின்று, ஒரு மணித்தியாலம் கழித்துத் தன் இரைப்பையிலிருந்து அதை வெளியே எடுத்து, இரத்தச்சோகை நோயாளிகளுக்குக் குழாய் வழியாகக் கொடுத்தார். வெறும் இறைச்சிக்கு மாறாத இரத்தச்சோகை அதற்கு மாறியது. நோயாளிகளிடம் அது என்னவென்று சொல்லவில்லை. இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் அதற்கு அனுமதி கொடுக்காது.

இந்தப் பாதையில் எங்கே தடை வந்தாலும் பி12 விழும். ‘கேஸ்ரிக்’ என்று சொல்லி வருடக்கணக்கில் ஒமெப்பிரசோல் விழுங்குபவருக்கு அமிலம் குறைகிறது. சீனி வருத்தத்துக்கு நெடுநாள் மெற்ஃபோமின் எடுப்பவருக்கு அந்தக் கடைசித் துண்டின் வேலை மந்தமாகிறது. மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. எடுப்பவர்கள் பி12 ஐப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

துண்டே இல்லாதவர்களுக்கு?

2009 மாசியிலிருந்து மே முற்பகுதிவரை சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் மாத்தளன், முள்ளிவாய்க்கால் கரையிலிருந்து காயப்பட்டவர்களையும் நோயாளிகளையும் உடன்போனவர்களையுமாக 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடல்வழியாக வெளியேற்றியது. அவர்களை ஏற்றிப்போன ‘கிரீன் ஓஷன்’ கப்பலை வன்னியில் மறந்தவர் இல்லை. திருகோணமலையிலும், புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழு நடத்திய வைத்தியசாலையிலும், பிறகு வவுனியாவிலும் சத்திரசிகிச்சைகள் நடந்தன. கப்பல் ஏற முடியாதவர்களுக்குப் பாடசாலைக் கட்டடங்களில் இயங்கிய தற்காலிக வைத்தியசாலைகளில். ஷெல் துண்டு வயிற்றைக் கிழித்தால், கிழிந்த குடலை வெட்டி நல்ல முனைகளைச் சேர்த்துத் தைப்பதுதான் உயிர் காக்கும் வழி. எந்தத் துண்டு போகிறது என்று தெரிவு செய்ய அங்கே இடமில்லை.

மேலே ஒரு முழம் போனால் மிச்சக் குடல் அந்த வேலையைப் பழகிக்கொள்ளும். கடைசி முழம் போனால் பழகாது. சிறுகுடலின் கடைசி 60 சென்ரிமீற்றருக்கு மேல் வெட்டப்பட்டவருக்கு பி12 உறிஞ்ச வேறு இடமே கிடையாது. அதுமட்டுமல்ல: ஈரல் பித்தநீரோடு வெளியே விடும் பி12 ஐத் திரும்ப எடுப்பதும் அதே துண்டுதான், அது இல்லாவிட்டால் பழைய சேமிப்பும் நாளாந்தம் கசிந்து போகும். பித்த உப்பைத் திரும்ப உறிஞ்சுவதும் அங்கேதான். ஒரு மீற்றருக்கு மேல் போயிருந்தால் ஈரலால் ஈடுகட்ட முடியாமற் பித்தம் குறையும், கொழுப்பு உறிஞ்சாது, அதோடு ஏ, டி, ஈ, கே நான்கும் போகும். வறையில் எவ்வளவு தேங்காய்ப்பூ போட்டாலும் பயனில்லை.

சேமிப்பு வருடக்கணக்கில் தாங்கும் என்று சொன்னேன் அல்லவா. அதனால் வருத்தம் காயத்தோடு சேர்ந்து வராது. காயத்தை மறந்த பிறகு வரும். “கால் ரெண்டும் பஞ்சில மிதிக்கிற மாதிரிக் கிடக்கு” என்பார்கள். விறைப்பு, எரிவு, இருட்டில் நடக்கத் தள்ளாட்டம், நாக்குப் புண், காரணமில்லாத களைப்பு, மறதி. நடுவயதில் இருப்பவர் இதைச் சொன்னால் சீனியின் வேலை என்று முடிவெடுப்பது எல்லோருக்கும் இலகு. இரத்தச்சோகைக்கு போலிக் அசிற் குளிசை கொடுத்தால் இரத்தம் தேறிவிடும். நரம்பு மட்டும் உள்ளே தொடர்ந்து கெடும். அதுதான் இதில் பெரிய ஆபத்து. நாள் கடந்த நரம்புச் சேதம் முழுதாகத் திரும்புவதில்லை.

மருந்து பெரிய விசயமில்லை. சிகிச்சை தொடங்கியபின் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பி12 ஊசி, வாழ்நாள் முழுக்க. ஊசி முடியாவிட்டால் 1000 மைக்ரோகிராம் குளிசை தினமும். அந்த வாயில்கள் இல்லாமலே அதில் நூற்றுக்கு ஒரு பங்கு தானாகக் கசிந்து உள்ளே போகும், அது போதும். கடைசித் துண்டு இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமலே மருத்துவர் தொடங்கக்கூடும்.

ஆனால் மருத்துவருக்கு அது தெரிய வேண்டும். அந்த நாட்களின் டயக்னோசிஸ் காட் பலரிடம் இல்லை. கடற்கரையிலோ முகாமிலோ தொலைந்துபோனது. இன்று கிளினிக்கில் இருக்கும் டொக்ரர்மார் பலர் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஒரு காலை நேரத்தில் நூறு கொப்பி பார்க்கிறவர்கள் சேட்டைத் தூக்கிப் பார்க்கச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே வயிற்றில் நெடுந்தழும்பு உள்ளவர்கள், அடுத்த கிளினிக் நாளில் கேட்காமலே சொல்லுங்கள்: எந்த வருடம், எந்த ஆசுப்பத்திரி, குடல் வெட்டினதா, எவ்வளவு வெட்டினதாகச் சொன்னார்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் அப்படி ஒருவர் இருந்து, தானாகப் போக மாட்டார் என்றால், கூட்டிக்கொண்டு போங்கள்.